வரி கட்டியவர்களின் தீர்ப்பு

இந்தியா விடுதலை பெறுவதற்கு முன் கடைசியாக நடந்த பொதுத்தேர்தல் 1945-இன் இறுதியில் மத்திய சட்டசபைக்கும், 1946-இன் தொடக்க மாதங்களில் மாகாணச் சட்டசபைகளுக்கும் நடந்தது. அதன் முடிவை இரண்டு கட்சிகள் இரண்டு விதமாக மக்கள் தீர்ப்பு என்றன. நாடு முழுவதும் தன் பின்னால் நிற்கிறது என்றது காங்கிரஸ். முஸ்லிம்கள் எல்லாரும் பாகிஸ்தானைக் கேட்டுவிட்டார்கள் என்றது முஸ்லிம் லீக். அடுத்த பதினெட்டு மாதங்களில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டு வாசகங்களின் மேல் நின்றன. அந்தத் தேர்தல் உண்மையில் எதை நிரூபித்தது என்பதை வாலாஜாபேட்டை தொடங்கி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்திலிருந்து பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. பஞ்சாபையும் வங்கத்தையும் ஐக்கிய மாகாணத்தையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பாலாற்றங்கரையிலிருந்து பார்ப்பதில் தனி லாபம் ஒன்று உண்டு. எந்தப் பாகிஸ்தான் வரைபடத்திலும் இந்த மண் இல்லை. அதோடு, ஒரே தொழில் ஒரே முற்றத்தில் சேர்த்துவைத்த மனிதர்களைத் தேர்தல் சட்டம் வெவ்வேறு பட்டியல்களாகப் பிரித்துவைத்தது. பாதிக்கு மேற்பட்டவர்களை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. 1946-இன் முடிவு மக்கள் என்ன விரும்பினார்கள் என்பதைவிட, யாரைக் கேட்டார்கள், எப்படிப் பிரித்து எண்ணினார்கள் என்பதையே அதிகம் சொல்கிறது என்பது என் வாதம்.

தேர்தல் வரப்போவதை வைஸ்ராய் வேவல் 1945 ஆகஸ்ட் 21 அன்று அறிவித்தார். சிம்லா மாநாடு தோற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதிய வாக்குரிமைச் சட்டம் எழுத அவகாசம் இல்லை. எழுதும் எண்ணமும் இல்லை. ஆகவே மத்திய சட்டசபைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிகக் குறுகிய வாக்காளர் தகுதியே தொடர்ந்தது. அந்தச் சபையில் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தனி இடம்கூடக் கிடையாது. முஸ்லிம் அல்லாத ஊர்ப்புற வாக்காளர்களுக்குச் சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு மூன்றையும் இணைத்து ஒரு தொகுதி. ஏற்காட்டு மலையும் நொய்யல் கரையும் பாலாறும் ஒரே உறுப்பினரின் பொறுப்பு. மாகாணச் சட்டசபைக்கு 1935-ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை மாகாணத்தின் 215 இடங்களை அது பங்கிட்ட விதத்தைப் பார்த்தாலே சமூகத்தைப் பற்றிய அரசின் பார்வை புரிந்துவிடும். பொதுத் தொகுதிகள் 146. அவற்றில் 30 தாழ்த்தப்பட்டோருக்கு. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, ஐரோப்பியருக்கு 3, ஆங்கிலோ இந்தியருக்கு 2, பழங்குடிக்கு 1. வணிகர்களுக்கு 6, நிலக்கிழார்களுக்கு 6, தொழிலாளர்களுக்கு 6, பல்கலைக்கழகத்துக்கு 1. பெண்களுக்கு 8, அதிலும் ஒன்று முஸ்லிம் பெண்ணுக்கு, ஒன்று கிறிஸ்தவப் பெண்ணுக்கு. இந்தக் கட்டங்களுக்குள் காங்கிரஸ் 163 இடங்களைப் பிடித்தது. பெண்ணுக்கான இடத்தையும் சேர்த்து முஸ்லிம்களின் 29 இடங்களும் லீகுக்கே போயின.

வாக்காளர் பட்டியலின் தாய்நூல் வரிப்புத்தகம். வாலாஜாபேட்டை 1866-இலேயே நகராட்சியான ஊர். நாட்டின் மிகப் பழைய நகராட்சிகளில் ஒன்று என்று அவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1856-இல், தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நகராட்சி என்றால் தெருவிளக்கு, துப்புரவு, பள்ளிக்கூடம். இவற்றோடு கூடவே சொத்து வரி, தொழில் வரி, வீடு வாரியாக எழுதிய பேரேடு. 1935 சட்டத்தின் ஆறாம் அட்டவணை வாக்காளராகும் வழிகளைப் பட்டியலிட்டபோது முதலில் தேடியது இந்தப் பேரேட்டைத்தான். வருமான வரி, சொத்து வரி, வீட்டு வரி, தொழில் வரி, மோட்டார் வண்டி வரி என்று ஏதாவது ஒன்றில் பெயர் இருக்க வேண்டும். அல்லது ரயத்துவாரி பட்டா இருக்க வேண்டும். அல்லது எழுதப் படிக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும். அல்லது பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவராகவோ விடுவிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும். கணவனுக்குக் குறிப்பிட்ட தகுதி இருந்தால் மனைவிக்கும் ஓட்டு வரும். இந்த வழிகள் எல்லாம் சேர்ந்து மாகாணங்களின் வயது வந்தோரில் சுமார் 28.5 விழுக்காட்டினரை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்தன. சராசரியாக நால்வரில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் சராசரி என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஏமாற்றும். வரி கட்டும் தெருவில் அது பாதிக்கு மேல் போகும். புறம்போக்கில் குடிசை போட்டவர்களின் சேரியில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும்.

அக்காலத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் முற்றத்தை எடுத்துக்கொள்வோம். உப்பிட்ட தோல்கட்டு வண்டியில் வந்து இறங்கும். ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் நாட்கணக்கில் போட்டு, மயிரை வழித்து, உட்புறத்துச் சதையை வளைந்த கத்தியால் சீவி, பல நீரில் அலசி, ஆவாரம்பட்டைச் சாற்றில் மாற்றி மாற்றி ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். இப்படிப் பட்டையில் பதமான தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாக லண்டன் ஏலத்துக்குப் போனது. இரண்டு உலகப் போர்களிலும் அது பட்டாளத்து பூட்ஸானது. சுண்ணாம்பு தின்ற கைகளோடு குழியில் நின்றவர்கள் பெரும்பாலும் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்த தாழ்த்தப்பட்டோரும் ஏழை முஸ்லிம்களும். இந்த முற்றத்தில் 1946-இல் யாருக்கு ஓட்டு? முதலாளிக்கு உண்டு, முஸ்லிம் பட்டியலில். அவர் வீட்டு அம்மாளுக்கும் பெரும்பாலும் உண்டு. கணக்கெழுதுகிறவருக்கு எழுத்தறிவால் உண்டு. அவர் இந்துவானால் பொதுப் பட்டியலில். குழியில் நிற்பவருக்குப் பட்டா இல்லை, கதவு எண் இல்லை, வரி இல்லை, எழுத்தில்லை. ஆகவே ஓட்டும் இல்லை. அவருடைய தம்பி பட்டாளத்துக்குப் போய் விடுவிக்கப்பட்டு வந்திருந்தால் அவனுக்கு உண்டு. வட ஆற்காட்டில் இது வெறும் கற்பனைச் சாத்தியம் அல்ல. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்த ஊர்கள் இம்மாவட்டத்தில் உண்டு. பூட்ஸை அணிந்தவனுக்குக் குடியுரிமை. அதற்குத் தோல் பதனிட்டவனுக்கு இல்லை. சட்டத்தின் தர்க்கம் அதற்குள் பிசகே இல்லாதது: அரசுக்குப் பணமோ உயிரோ கொடுத்தவனைத்தான் அது கணக்கில் எடுத்தது. உழைப்பு அந்தக் கணக்கில் வரவில்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, எல்லா நாட்டிலும் வாக்குரிமை படிப்படியாகத்தான் விரிந்தது என்பது. இங்கிலாந்திலேயே எல்லாப் பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை 1928-இல்தான் வந்தது. எழுத்தறிவு குறைந்த, போக்குவரத்து குறைந்த துணைக்கண்டத்தில் எல்லாருக்கும் ஓட்டு என்பது நிர்வாகத்தால் தாங்க முடியாத சுமை என்கிறார்கள். 1932-இல் லோதியன் தலைமையிலான வாக்குரிமைக் குழு வயதுவந்தோர் வாக்குரிமையை இந்தக் காரணம் சொல்லித்தான் ஒதுக்கியது. காரணம் பொய்யல்ல, ஆனால் போதாது. பாக் நீரிணைக்கு அப்பால், இதே பேரரசின் கீழ் இருந்த இலங்கையில், டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1931-லேயே 21 வயதான ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவில் முதல் முறை. தமிழ் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர், குடியிருப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அங்கே வாக்களித்தார்கள். சொந்த ஊரில் இருந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் பட்டியலில் ஏறியிருக்கவே மாட்டார்கள். இலங்கை சிறிய நாடு, இந்தியாவோடு ஒப்பிட முடியாது என்பார்கள். சரி, இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். 1951–52 தேர்தலில் 17 கோடியே 30 லட்சம் பேர் பட்டியலில் இருந்தார்கள். அதே கர்ணம், அதே நகராட்சி எழுத்தர், அதே தாசில்தார் அலுவலகம்தான் அந்தப் பட்டியலை எழுதியது. ஐந்தாண்டில் மாறியது நிர்வாகத்தின் திறனா, நோக்கமா? நோக்கம்தான் என்பது என் முடிவு. இலங்கைக் கதையின் மறுபாதியையும் மறைக்கக் கூடாது. சுதந்திரத்தை ஒட்டி 1947-இல் நடந்த தேர்தலில் வாக்களித்த மலையகத் தமிழர்களின் குடியுரிமையை 1948 சட்டம் பறித்தது. தேர்தலில் கேட்கப்பட்டவர்களையும் பிறகு கணக்கிலிருந்து நீக்கலாம் என்பதற்கு அது சான்று.

இனி முஸ்லிம் கட்டம். இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. 1937-இலும் இதே சட்டம், இதே தகுதி, முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கும் இதே தனித்தொகுதி. அப்போது சென்னை மாகாண முஸ்லிம் இடங்களில் பாதியைக்கூட லீக் பெறவில்லை. ஒன்பதே ஆண்டில் முழுவதையும் வாரிக்கொண்டது. பட்டியல் மாறாமல் முடிவு மட்டும் மாறினால், மாறியது வாக்காளர் மனம் என்றுதானே கொள்ள வேண்டும்? மேலும், பாகிஸ்தான் கோரிக்கை சென்னைக்கு அந்நியமானதும் அல்ல. லாகூர்த் தீர்மானம் நிறைவேறிய மறு ஆண்டு, 1941 ஏப்ரலில், லீகின் ஆண்டு மாநாடு சென்னையில்தான் கூடியது. அந்தக் குறிக்கோள் கட்சியின் அமைப்பு விதியில் ஏறியது அங்கேதான். 1946 ஏப்ரலில் வென்ற சட்டமன்ற உறுப்பினர்கள் டெல்லியில் கூடிப் பாகிஸ்தானுக்கு உறுதி எடுத்தபோது, தேர்தல் வெற்றியையே அதற்கான ஆணையாகக் காட்டினார்கள். வாணியம்பாடிக்காரரும் மேல்விஷாரத்துக்காரரும் எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமல் வாக்களித்தார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். நாளிதழ் படிக்கிற, 1919-லேயே இஸ்லாமியாக் கல்லூரி கண்ட வாணியம்பாடி, லண்டன் சந்தை விலையைத் தந்தியில் பார்த்து வியாபாரம் செய்த ஊர்.

மனம் மாறியது உண்மை. எதைப் பற்றிய மனம் மாறியது என்பதுதான் கேள்வி. 1941 கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் முஸ்லிம்கள் 100-க்கு 8 பேர் கூட இல்லை. எந்தக் கோட்டை எங்கே இழுத்தாலும் பாலாறு இந்தியாவில்தான் இருக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, அந்த வாக்காளருக்கு லீக் தரக்கூடியது எல்லைக்கோடு அல்ல. சென்னைக் கோட்டையில் தன் சார்பில் பேச ஒரு வாய். 1937–39 ராஜாஜி அமைச்சரவையில் அந்த வாய் இல்லாததன் விலையை வணிகர்கள் உணர்ந்திருந்தார்கள். சட்டமன்றத்தில் வந்தே மாதரம் பாடியது குறித்த மனக்கசப்பு ஒருபுறம். மறுபுறம், அதிகம் பேசப்படாத ஒன்று: 1939-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது விற்பனை வரி. இந்தியாவில் அவ்வகையில் முதல் சட்டம் அது. அந்தச் சட்டமும் விதிகளும் தோலுக்கும் சருமத்துக்கும் தனி ஏற்பாடு வைத்தன. பச்சைத்தோல் எந்தக் கையில் வரிக்கு உட்படும், பதனிட்ட தோல் எந்தக் கையில் உட்படும், வெளி மாகாணத்திலிருந்து வந்த தோலுக்கு என்ன என்று அந்த விதிகள் கிளப்பிய வழக்குகள் ஓயவே இல்லை. 1962-இல் மெஹ்தாப் மஜீத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளில் ஒன்றை ரத்துசெய்யும் அளவுக்கு நீண்டன. சட்டமன்றத்தில் ஒரு வரி திருத்தம் தன் குழியில் ஊறும் சரக்கின் விலையை மாற்றும் என்று அறிந்த வணிகனுக்கு, அங்கே கட்டுக்கோப்பான ஓர் அணி தேவைப்பட்டது. லீகின் மாகாணத் தலைமையே தோல் வணிகத்தோடு பின்னிக் கிடந்தது. 1931-இல் இந்திய வணிகர் சம்மேளனத்தின் சார்பில் வட்டமேசை மாநாட்டுக்குப் போன ஜமால் முகமது பெரியமேட்டுத் தோல் வணிகர், லீகிலும் முன்னின்றவர். மாகாண லீகின் தலைவராக 1946-இல் எதிர்க்கட்சித் தலைவரான காயிதே மில்லத் முகமது இஸ்மாயிலும் அதே வணிக உலகத்திலிருந்து வந்தவர்தான். விற்பனை வரிதான் லீகை வெல்லவைத்தது என்று நான் சொல்லவில்லை. மார்க்கப் பற்று, வட நாட்டுக் கலவரச் செய்திகள், ஜின்னாவின் மீதிருந்த மதிப்பு எல்லாம் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் ஒரே ஓட்டுக்குள் இத்தனை பொருள் இருக்கும்போது, அதை நாட்டுப் பிரிவினைக்கான கையொப்பம் என்று மட்டும் வாசித்தது டெல்லியில் உட்கார்ந்திருந்தவர்களின் வசதி.

பிறகு நடந்ததே இதற்குப் பெரிய சான்று. 1947-க்குப் பின் சிலர் போனார்கள், ஊர்கள் போகவில்லை. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், பழைய லீகைக் கலைத்துவிடச் சொன்னவர்களை மீறி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினார் இஸ்மாயில். அரசியல் நிர்ணய சபையில் தனித்தொகுதி வேண்டுமென்று 1947 ஆகஸ்டில் திருத்தம் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்து போக்கர் சாகிப். 1949 மே மாதம் அதே கோரிக்கையை எழுப்பியவர் இஸ்மாயில். படேலின் கோபத்துக்கு ஆளாகி இரண்டும் தோற்றன. முஸ்லிம் உறுப்பினர்களே இதில் ஒருமனதாக இல்லை. அவர்கள் கடைசிவரை கேட்டது நிலம் அல்ல, பிரதிநிதித்துவம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பொதுத் தொகுதி வந்த பிறகும் வாணியம்பாடி லீக்காரர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. இந்துக்களின் ஓட்டும் சேர்ந்துதான் அவர்கள் வென்றார்கள். 1946-இன் லீக் ஓட்டு வெறும் பிரிவினை ஓட்டாக இருந்திருந்தால், பிரிவினை முடிந்ததும் அது வற்றியிருக்க வேண்டும். அதற்காக அந்த வாக்காளர்களைப் பொறுப்பிலிருந்து முற்றிலும் விடுவிக்கவும் நான் தயாரில்லை. தங்கள் குரலுக்கு வலுத் தேடியவர்கள், அந்த வலு எங்கோ தொலைவில் லட்சக்கணக்கானோரின் வீட்டைப் பெயர்க்கும் பேரத்தில் எடைக்கல்லாக வைக்கப்படும் என்பதை யோசித்திருக்கலாம்.

தாழ்த்தப்பட்டோர் கட்டம் இதைவிடச் சிக்கல். 1932 செப்டம்பர் பூனா ஒப்பந்தம் தனித்தொகுதிக்குப் பதிலாக ஒதுக்கிய இடங்களைத் தந்தது. ஆனால் நேரடியாக அல்ல. ஒதுக்கிய தொகுதியில் நால்வருக்கு மேல் போட்டியிட்டால், முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்வார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்வார்கள். வரி அடிப்படைப் பட்டியலில் சேரியின் பங்கு சொற்பமானதால், இரண்டாம் சுற்றில் முடிவு செய்தவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். அம்பேத்கர் 1946-இல் அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் இதைத்தான் முறையிட்டார்: முதல் சுற்றில் தன் மக்களிடம் முன்னணியில் வந்தவர் இரண்டாம் சுற்றில் பிறருடைய ஓட்டால் தோற்கிறார் என்று. 1942-இல் அவர் தொடங்கிய தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்தின் தலைவர் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ், இந்தப் பகுதியில் அமைப்புக்குப் பெயரும் தொண்டர்களும் உண்டு. இருந்தும் இந்தியா முழுவதிலும் சம்மேளனத்துக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். இதைக் கொண்டு அம்பேத்கரை அவர் மக்களே ஏற்கவில்லை என்று அன்று காங்கிரஸ்காரர்கள் வாதிட்டார்கள். ஏற்றார்களா இல்லையா என்பது அந்தத் தேர்தலிலிருந்து தெரிய வழியே இல்லை என்பதே சரியான பதில். தோல் குழியில் நின்றவரை யாரும் கேட்கவில்லை. ஒரு காங்கிரஸ் உறுப்பினரே இந்தக் குறையை உணர்ந்திருந்தார். சென்னை மாகாணத்திலிருந்து போன எஸ். நாகப்பா, ஒதுக்கிய தொகுதியில் வெல்பவர் தன் மக்களின் ஓட்டில் குறைந்தது 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும் என்று 1947 ஆகஸ்டில் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்து, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மீதி காங்கிரஸின் அலை. 215-இல் 163 என்றால் நான்கில் மூன்று பங்கு. 1937-லேயே மஞ்சள் பெட்டியில் காந்திக்கு ஓட்டு என்று பழக்கியிருந்தது கட்சி, அப்போது 159. சிறை சென்றவர்களின் செல்வாக்கு, ஆகஸ்ட் புரட்சியின் நினைவு, இந்திய தேசிய ராணுவ வழக்கு கிளப்பிய உணர்ச்சி, எல்லாம் உண்மை. ஆனால் எதிரே யார் இருந்தார்கள்? நீதிக்கட்சி 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகமாகி, தேர்தலிலிருந்தே விலகிவிட்டது. பந்தயத்தில் தனியாக ஓடியவன் எவ்வளவு வேகம் என்று எப்படிச் சொல்வது? வென்ற கட்சிக்குள்ளேயே உறுதி இல்லை என்பதற்கு, பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா என்று மூன்றாண்டுக்குள் மூன்று மாகாணப் பிரதமர்களைச் சென்னை கண்டதே போதும். பட்டியல் திறந்ததும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1952-இல் அதே மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152. வட ஆற்காட்டில் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி ஆறு சட்டமன்ற இடங்களையும் மூன்று மக்களவை இடங்களையும் வென்றது. தென் ஆற்காட்டில் ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி சட்டமன்றத்தில் 19. இரண்டும் வன்னியர் உழவர்களின் கட்சிகள். பட்டாவின் அளவு குறைவாலோ, எழுத்தறிவு இல்லாததாலோ பழைய பட்டியலுக்கு வெளியே நின்ற குடும்பங்கள் அவற்றின் அடித்தளம். காங்கிரஸ் 1952-இல் சரிந்ததற்கு அரிசிப் பங்கீடு, வறட்சி, ஆந்திரப் பிரிவினைக் கோரிக்கை, கம்யூனிஸ்டுகளின் எழுச்சி என்று வேறு காரணங்கள் உண்டு என்பார்கள். உண்டு. ஆனால் பங்கீடும் பஞ்சமும் 1946-லும் இருந்தன; அப்போது அந்த வயிறுகளுக்கு ஓட்டு இல்லை.

இந்தக் குறைகளோடு வந்த சட்டமன்றங்கள்தான் 1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்தன. சென்னைக்கு 49 இடங்கள். 45 பொது, 4 முஸ்லிம். அந்த நால்வரைத் தேர்ந்தவர்கள் முஸ்லிம் உறுப்பினர்கள் மட்டுமே. கட்டம் அங்கும் தொடர்ந்தது. இதை வைத்து, வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரைக் கேட்காத சபை எழுதிய அரசியல் சட்டம் எப்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். என் வாதத்தை அதன் முனைவரை கொண்டுபோனால் அங்கேதான் போய் நிற்கும் என்பதும் தெரியும். நான் அந்த முனைக்குப் போகாததற்குக் காரணம், அந்தச் சபை தன்னைப் பெற்ற பட்டியலையே ரத்து செய்தது என்பது. 1928 நேரு அறிக்கையிலும் 1931 கராச்சித் தீர்மானத்திலும் காங்கிரஸ் வயதுவந்தோர் வாக்குரிமைக்குக் கையெழுத்திட்டிருந்தது. அதைவிட முக்கியமாக, கட்சியின் பலம் ஓட்டுள்ளவர்களிடம் மட்டும் இல்லை. கூட்டத்துக்கு வந்தவன், கொடி பிடித்தவன், தடியடி வாங்கியவன் பலருக்கு ஓட்டு இல்லை என்பதைக் கட்சி அறியும். அவர்களை வெளியே நிறுத்தி ஆள முடியாது என்பதையும் அறியும். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, 1948-லிருந்தே, புதிய பட்டியல் எழுதும் வேலை கிராமங்களில் தொடங்கிவிட்டது. அதிகாரிகள் இம்முறை வரிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை; வீடு வீடாகப் போனார்கள். கதவு எண் இல்லாத குடிசைக்கு எந்த எண் கொடுப்பது என்ற சங்கடம் அப்போதுதான் அவர்களுக்கு முதல் முறையாக வந்தது.

பட்டியல் திறந்தது; கட்டம் முழுவதும் உடையவில்லை. 1952-இல் வேலூர் போன்ற தொகுதிகளில் இரட்டை உறுப்பினர் முறை வந்தது: ஒரு பொது உறுப்பினர், ஒரு தாழ்த்தப்பட்ட உறுப்பினர், இருவரையும் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். பூனா ஒப்பந்தத்தின் முதல் சுற்று போய்விட்டது. சேரிக்காரருக்கான உறுப்பினரை ஊர்த்தெருவின் பெரும்பான்மை முடிவுசெய்யும் நிலை போகவில்லை. 1961-இல் அந்த இரட்டை முறை ஒழிந்து தனித் தனித் தொகுதிகளாகப் பிரிந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. உழவர் கட்சிகளின் கதி வேறு. காமராஜர் 1954-இல் அமைத்த அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கரும் இருந்தார். காமன்வீல் காங்கிரஸில் கரைந்தது. எண்ணிக்கையும் நிலமும் உள்ள ஒரு சாதி, பட்டியலில் ஏறிய இரண்டே ஆண்டில் பேரம் பேசி உள்ளே போய்விட்டது. தோல் குழியில் நின்றவருக்கு ஓட்டு வந்தது. பேரம் பேசக்கூடிய எண்ணிக்கையாக அது திரள்வதற்கு வட ஆற்காட்டில் இன்னும் பல தேர்தல்கள் பிடித்தன.